வலது கைக்கு இரண்டு வேலை

ஆகஸ்ட் 10, 2009, திங்கள்

தேவசகாயம் சார் இன்றைக்கு எல்லாரையும் ஆளுக்கொரு நோட்டு போடச் சொல்லிவிட்டார். எடுக்கிற படங்களுக்கு ஷட்டர் எவ்வளவு, வெளிச்சம் எப்படி, படம் ஏன் சொதப்பியது என்று தேதி போட்டு எழுத வேண்டுமாம். செமஸ்டர் முடிவில் வாங்கிப் பார்ப்பாராம். நன்றாக வந்த படத்தைப் பற்றி எழுத வேண்டாம், அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வகுப்பில் பாதிப் பேர் அப்போதே பெருமூச்சு விட்டார்கள். எனக்கு எழுதப் பிடிக்கும். சொதப்பவும் நன்றாக வரும். அதனால் இந்த நோட்டு சீக்கிரம் நிறைந்துவிடும்.

பெயர் இசக்கிப்ரியா. விஸ்காம் இரண்டாம் ஆண்டு. சொந்த ஊர் அம்பாசமுத்திரம், இருப்பது பாளையங்கோட்டையில் ஹாஸ்டல்.

முதல் படம், ஹாஸ்டல் குழாயடி. ஷட்டரை 1/30-ல் வைத்தேன். வாளியில் விழுந்த தண்ணீர் பால் மாதிரி வழவழவென்று வந்தது. அடுத்தது 1/500. தண்ணீர் முத்து முத்தாக அந்தரத்தில் நின்றது. எனக்கே நம்ப முடியவில்லை. மூன்றாவது எடுப்பதற்குள் வாளி நிறைந்து வழிந்து, தண்ணீரை வீணாக்குகிற கழுதை யார் என்று வார்டன் சத்தம் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஆகவே 1/1000 எப்படி இருக்கும் என்பது எனக்கு இன்னும் தெரியாது.

ஆகஸ்ட் 12, புதன்

எங்கள் லேபில் கேமரா மூன்று, பிள்ளைகள் இருபத்தேழு பேர். அடிதடி வராமல் பார்த்துக்கொள்கிறவர் லேப் உதவியாளர் ஆவுடையக்கா. ஆறு வருடமாக அந்த இரும்பு அலமாரிச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. லென்ஸ் மூடியைத் தொலைத்தவன் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டுவார். லென்ஸில் விரல் ரேகையோடு திருப்பிக் கொடுத்தால், இதில் என்ன வடை தட்டினாயா என்று கேட்பார்.

இன்றைக்கு என்னையும் பானுவையும் மட்டும் நிறுத்தி, ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார். செப்டம்பர் ஆறு, ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கல்யாணம். சங்கரன்கோவில் பக்கம் அவர்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில். வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்பார் என்று நினைத்தேன். ரெண்டு கேமராவை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், போட்டோ முழுக்க நீங்கள்தான் என்றார். ஸ்டுடியோ ஆளும் கிடையாதாம், வீடியோவும் கிடையாதாம்.

பானு என்றால் ரஹ்மத் பானு, மேலப்பாளையத்துக்காரி. நான் பத்துப் படம் எடுக்கிற நேரத்தில் அவள் ஒன்று எடுப்பாள். அந்த ஒன்று என்னுடைய பத்தையும் சாப்பிட்டுவிடும். இதை அவளிடம் சொல்லுவதாக இல்லை. ஏன் எங்களைக் கூப்பிடுகிறீர்கள் என்று அவள் கேட்டதற்கு, மற்றவர்களைப் போல இல்லாமல் நீங்கள் லென்ஸைத் துடைத்துக் கொடுக்கிறீர்கள் என்று அக்கா சொன்னார். ஏதாவது ஒரு நிகழ்ச்சியைப் படமெடுத்து வரச் சொல்லி சார் கொடுத்த அசைன்மென்டும் இதிலேயே முடிந்துவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். பஸ் ஸ்டாப் வரைக்கும் குதித்துக்கொண்டே வந்தேன். பானு குதிக்கவில்லை.

ஆகஸ்ட் 15, சனி

ஊருக்கு வந்திருக்கிறேன், கேமராவோடு. வேலையைப் பிரித்துக்கொண்டோம். சடங்குகள் எனக்கு, ஆட்கள் பானுவுக்கு. தாலி கட்டுகிற படத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாயைக் கொடுத்த பிறகுதான் பயம் வந்தது. அதனால் வீட்டில் ஒத்திகை.

அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, அப்பாவைப் பின்னால் நிறுத்தினேன். மஞ்சள் கயிற்றை எடுத்தால் அம்மா எழுந்துவிட்டாள். ஒரு தடவை கட்டியாகிவிட்டது, விளையாட்டுக்குக்கூட இரண்டாவது தடவை கூடாதாம். சரி என்று அப்பாவின் ஷூ கயிற்றை உருவினேன். செருப்புக் கயிற்றையா கழுத்தில் போடுவாய் என்று அதற்கும் திட்டு. கடைசியில் பாவாடை நாடாவில் வந்து முடிந்தது. அப்பா பஸ் கண்டக்டர். கூட்ட நெரிசலில் ஒரே கையால் டிக்கெட் கிழிக்கிறவர், மூன்று முடிச்சுப் போடுவதற்குள் வியர்த்துப்போனார். அன்றைக்கும் இதே கதைதான், முதல் முடிச்சை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை அவர் அக்கா தலையில் கட்டிவிட்டார் என்று அம்மா சிரித்தாள்.

1/60-ல் அப்பாவின் விரல்கள் கலங்கித் தெரிந்தன. 1/125-ல் நின்றன. பதினோரு படம். எல்லாவற்றிலும் அம்மா சிரிக்கிறாள். கார்டில் இடம் வேண்டும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

பிறகு அவர்களுடைய கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். தாலி கட்டுகிற படத்தில் ஒரு மாமாவின் முழங்கையும் தவில்காரரின் கன்னமும்தான் இருக்கின்றன.

ஆகஸ்ட் 20, வியாழன்

ஹாஸ்டல் பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டுக் கல்யாண சிடி ஆறு வாங்கி, லேப் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியதிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும் வரை எத்தனை நொடி என்று பானு கைக்கடிகாரத்தில் எண்ணினாள். நிதானமான மாப்பிள்ளைக்கு முப்பத்தொரு நொடி. அவசரக்காரருக்கு ஒன்பது. எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிற ஒன்று உண்டு. கெட்டிமேளம் கேட்டதும் உட்கார்ந்திருக்கிற ஊர் மொத்தமும் எழுந்து நின்று அட்சதை வீசுகிறது. அதற்குப் பிறகு கேமராவுக்கு முதுகுகள்தான். ஆகவே மணமேடையை ஒட்டி, இடப்பக்கத் தூணருகே முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். மற்றவர்கள் என்ன செய்தாலும் நான் அசையக் கூடாது.

கடைசி வரியை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, சனி

பானுவுக்கு இன்று நோன்பு ஆரம்பம். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுவிட்டேன். தின்று முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. தொடர்ந்து சாப்பிடு, சத்தம் மட்டும் போடாதே என்றாள்.

ஆகஸ்ட் 27, வியாழன்

ஸ்டுடியோ ஆளை ஏன் வைக்கவில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது. நாளையிலிருந்து அக்கா லீவு. அலமாரியைப் பூட்டிக்கொண்டே, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

அக்காவின் அப்பா இறந்து நாலு வருடம் ஆகிறது. கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது சித்தப்பாவும் சித்தியும். அம்மா மேடைப் பக்கமே வரமாட்டாராம். அக்கா அழுது பார்த்தார், சாப்பிடாமல் கிடந்து பார்த்தார். மாப்பிள்ளையே நேரில் வந்து கூப்பிட்டும் ஆகவில்லை. ஊரில் யாரும் தடுக்கவில்லை, அந்த அம்மாதான் தன்னைத்தானே தடுத்துக்கொள்கிறார். ஸ்டுடியோக்காரர்கள் வந்தால் பெண்ணோட அம்மா எங்கே, மேடைக்கு வாங்க என்று மைக்கில் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டால் அவர் நொறுங்கிப்போவார்.

"தாலி கட்டுறதை எங்கம்மா பாக்கமாட்டா இசக்கி. பொண்ணு ரூமுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிடுவா. எனக்கு வேற எந்தப் படமும் வேண்டாம். அந்த ஒண்ணை மட்டும் ஒழுங்கா எடுத்துக் குடு. அதை அவ கையில குடுத்து, இந்தா பாருன்னு சொல்லணும்."

எடுத்துடுவேன்க்கா என்றேன். குரல் எனக்கே பெரிய ஆள் குரல் மாதிரிக் கேட்டது.

செப்டம்பர் 4, வெள்ளி

சமுதாயக் கூடத்தில் டியூப் லைட்தான் இருக்குமாம். 1/125, அப்பர்ச்சர் 4, ஐஎஸ்ஓ 800. மூன்றையும் உள்ளங்கையில் எழுதிப் பார்த்துக்கொண்டேன். பேட்டரி இரண்டு, கார்டு இரண்டு. லென்ஸை நாலு தடவை துடைத்துவிட்டேன். அக்கா இல்லாத லேபில் சாவியோடு சார்தான் நின்றார். கேமராவை வாங்கும்போது கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, நடுங்கினால் 1/250 வை என்றார்.

செப்டம்பர் 6, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாடு பிரமாதம். அவியல், கூட்டு, உருளைக்கிழங்குப் பொரியல், பருப்பு நெய், இரண்டு பாயசம். அப்பளம் மூன்று தடவை வாங்கினேன். பானு நோன்பு என்று யாரோ சொல்லி, திறக்கும்போது சாப்பிட இலையில் லட்டும் பழமும் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஆவுடையக்கா பட்டுச் சேலையில் வேறு யாரோ மாதிரி இருந்தார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. மாப்பிள்ளை ஈஸ்வரன் ஒல்லியான ஆள், சிரித்த முகம். மொத்தம் 346 படம்.

தாலி கட்டும் படத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது.

செப்டம்பர் 7, திங்கள்

கார்டில் கோளாறு. முக்கியமான சில படங்கள் பதிவாகவில்லை. சார் போடச் சொன்ன ‘ஏன் சொதப்பியது’ கட்டத்தில் இதைத்தான் எழுத வேண்டும்: கார்டில் கோளாறு.

பானுவிடமும் அதையே சொன்னேன். முகூர்த்த நேரத்தில் திரையில் எர்ரர் என்று வந்தது, அதற்குள் முடிந்துவிட்டது என்றேன். அவள் படங்களைக் கேட்டேன். அவள் இருந்தது வலப்பக்கப் படிக்கட்டில், மாப்பிள்ளை முதுகுதான் வந்திருக்கிறதாம். செல்போனில் எடுத்த சொந்தக்காரர்களுக்கும் முதுகுதான் என்று மண்டபத்திலேயே பேசிக்கொண்டார்கள். அழிந்த படங்களை எடுக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது, மேலப்பாளையத்தில் காக்கா கடையில் போட்டுப் பார்க்கிறேன் என்று கார்டை வாங்கிக்கொண்டாள். காக்கா என்றால் அவள் அண்ணன், கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றாள்.

செப்டம்பர் 9, புதன்

ஆவுடையக்கா போன் செய்தார். படம் எல்லாம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டார். நன்றாக வந்திருக்கிறது என்றேன். இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தன் அம்மா வீட்டில்தான் இருப்பாராம், பிரிண்ட் போட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வர வேண்டுமாம். அந்தப் படத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

செப்டம்பர் 10, வியாழன்

பானு இரண்டு நாளாகக் கல்லூரி முடிந்ததும் நேராகக் காக்கா கடைக்குப் போகிறாள். நோன்பும் வைத்துக்கொண்டு, நோன்பு திறக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள். 212 படம் மீண்டு வந்திருக்கிறதாம். பார்த்தால் எல்லாம் பழையவை. குழாயடித் தண்ணீர், ஹாஸ்டல் பூனை, அம்மா கழுத்தில் பாவாடை நாடா கட்டுகிற அப்பா. "உங்கம்மா சிரிக்கிறது எவ்வளவு அழகா இருக்கு, இதைப் போயி அழிச்சிருக்கியேட்டி" என்று அந்தப் பதினொன்றையும் தனியாக ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தாள்.

இல்லாத படத்தைத் தேடிக் களைத்துப்போனவள் எனக்கு இதைக் கொண்டு வந்து கொடுக்கிறாள். சிடியை வாங்கிக்கொண்டு துணி துவைக்க வேண்டும் என்று ஓடிவந்துவிட்டேன். துவைக்கத் துணி இல்லை. துவைத்ததையே திரும்பத் துவைத்தேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

சாயங்காலம் பானு ஒன்று சொன்னாள்.

"எண்ணு விட்டுப்போகலயே இசக்கி. 187-க்கு அடுத்து 188 இருக்கு. எடுத்து அழிஞ்சிருந்தா நடுவுல எண்ணு குறையணும்லா."

ஒவ்வொரு படத்துக்கும் கேமரா தானாக எண் போடும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். பொய் சொல்லுகிற விஸ்காம் மாணவி அதையாவது யோசித்திருக்க வேண்டாமா? கேமராவே அப்படித்தான் சில சமயம் என்று ஏதோ உளறினேன். சரி என்றாள். அவள் சரி என்று சொன்னது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

செப்டம்பர் 13, ஞாயிறு

உள்ளதை எழுதிவிடுகிறேன். சாரிடம் கொடுக்கும்போது இந்தப் பக்கத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடிக்கொள்ளலாம்.

முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நான் தூணருகே இடம் பிடித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. அக்கா முகம் முழுதாகத் தெரிந்தது. தாலித் தட்டு ஆசி வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தது. தூணுக்குப் பின்னால்தான் பெண் வீட்டார் அறைக் கதவு. அது கொஞ்சம் திறந்து, ஒரு கை என் முழங்கையைத் தொட்டது. அக்காவின் அம்மா. காலையில் எனக்குக் காப்பி கொடுத்தவர், பானுவுக்கு இலை கட்டிக் கொடுக்கச் சொன்னவரும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. என் வலது கையைக் கேமராவிலிருந்து எடுத்து, விரித்து, ஒரு பிடி அட்சதையை வைத்து, விரல்களைத் தன் கையாலேயே மூடினார்.

"எனக்காவ நீ போட்ரு தாயி. எம்புள்ள தலையில விழணும். ஒருத்தர்ட்டயும் சொல்லிராத."

அவ்வளவுதான். கதவு சாத்திக்கொண்டது.

கேமராவில் படம் எடுக்கிற பொத்தான் வலது பக்கத்தில்தான் இருக்கிறது. உலகத்தில் எந்தக் கேமராவிலும் அப்படித்தான். என் வலது கையில் அரிசி. இடது கைக்கு மாற்றினேன். மாற்றியதும் உடம்பு கூசியது. இடது கையால் ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தாலே அம்மா மண்டையில் குட்டுவாள். ஒரு தாய் கொடுத்தனுப்பிய ஆசீர்வாதத்தை இடது கையால் வீசுவேனா? திரும்ப வலது கைக்கே மாற்றினேன். முதலில் எடுத்துவிட்டுப் பிறகு போடலாம், இல்லை போட்டுவிட்டு எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது கெட்டிமேளம் கொட்டிவிட்டது. ஊரே எழுந்தது. நான் வீசினேன். முழுக் கையையும் விரித்து, அக்கா தலைக்குக் குறி பார்த்து வீசினேன். கேமரா கழுத்தில் தொங்குகிறது என்பதே எனக்கு நினைவில்லை.

மாப்பிள்ளை ஈஸ்வரன் கட்டிய வேகத்துக்கு எங்கள் ஆறு சிடி மாப்பிள்ளைகளும் பக்கத்தில் நிற்க முடியாது. ஏழெட்டு நொடிதான் இருக்கும். நான் கேமராவைத் தூக்கியபோது நாத்தனார் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள். 188 அதுதான்.

வெட்கமாக இருக்கிறது. ஆனால் அரிசி கையை விட்டுப் போன அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் வெட்கம் இன்னும் கூடுகிறது.

மேலப்பாளையம் போய்ப் பானுவிடம் சொன்னேன், அரிசியை யார் கொடுத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டு. கெட்டிமேளம் கேட்டதும் கை தானாகப் போட்டுவிட்டது என்றேன். எனக்கும்தான் யாரோ கையில் அரிசியைத் திணித்தார்கள், நான் பையில் போட்டுக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன் என்றாள். பிறகு கம்ப்யூட்டரில் அவள் எடுத்த ஒரு படத்தைத் திறந்தாள். வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டாளாம். நானாகச் சொல்லட்டும் என்று வைத்திருந்தாளாம்.

படத்தில் மாப்பிள்ளையின் முதுகு தாலியை மறைக்கிறது. அவர் தோளுக்கு மேலே அக்கா முகம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு பக்கமாகச் சுளித்திருக்கிறது. காற்றில் அரிசி கோடு கோடாக நிற்கிறது. இடது ஓரத்தில் நான், வாயைப் பிளந்துகொண்டு, கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு, வலது கையை நீட்டி. பானு விக்கல் வரும் வரை சிரித்தாள். நோன்பு, தண்ணீரும் குடிக்க முடியாது. நானும் சிரித்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து முதல் சிரிப்பு.

செப்டம்பர் 16, புதன்

ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் கொடுத்தோம். பானு எடுத்த கல்யாணப் பாட்டுக்காரர் படமும், என்னுடைய தேங்காய்த் தட்டுப் படமும் நன்றாக வந்திருக்கின்றன. நான் வாய் பிளந்த படத்தைக் கொடுக்க வேண்டாம் என்றேன். பானு கொடுத்துவிட்டாள்.

அக்காவிடம் என்ன சொல்லுவது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். கார்டு கோளாறு என்று சொல்லமாட்டேன். தவறவிட்டேன் என்று சொல்லுவேன். ஏன் என்று கேட்டால்தான் சிக்கல். அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாயால் கொடுக்கவில்லைதான். கை நீட்டி வாங்கிக்கொண்டேனே.

செப்டம்பர் 20, ஞாயிறு

காலை பஸ்ஸில் போனோம். நாளை பெருநாள், வீட்டில் ஆயிரம் வேலை கிடந்தும் பானு வந்தாள். நீ தனியாகப் போனால் பாதி வழியில் இறங்கி ஓடிவிடுவாய் என்றாள்.

அக்கா வாசலிலேயே நின்றார். மஞ்சள் மாறாத புதுத் தாலியும் கழுத்துமாக எங்களைக் கட்டிக்கொண்டார். அவர் அம்மா உள்ளே உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் லேசாகத் தலையசைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை கடைக்குப் போயிருந்தார்.

அக்கா தரையில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். லேபில் குற்றம் கண்டுபிடிக்கிற அதே கண். இது நல்லாருக்கு, இதுல ஃபோகஸ் சித்தப்பா காதில் போய் விழுந்திருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிரித்துக்கொண்டேதான் இருந்தார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. அடியில் இருந்த கடைசிப் படத்தைப் பானு தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தாலி கட்டுகிற படம் எங்கே என்று அக்கா கேட்டார்.

நான் எடுக்கவில்லை, தவறவிட்டுவிட்டேன் என்றேன். ஏன் என்றார். முறத்தின் சத்தம் மட்டும் கேட்டது. கேமரா வேலை செய்யவில்லையா என்றார். செய்தது என்றேன். யாராவது மறைத்தார்களா என்றார். இல்லை என்றேன். பொய்க்கு அவரே இத்தனை வழி திறந்துவிட்டும் எனக்கு ஒன்றில்கூட நுழைய முடியவில்லை.

அக்கா முகம் மாறிவிட்டது. அவர் கத்தவில்லை.

"கேமராவக் கீழ போட்டவனக்கூட நான் ஒண்ணும் சொன்னதில்ல. உன்ட்ட ஒரே ஒரு படம் கேட்டேன். எதுக்குன்னும் சொன்னேன். வேற யார்ட்டயும் அதை நான் சொன்னதில்ல இசக்கி."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பானு வாயைத் திறக்கப் போனாள், நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். முறத்தின் சத்தம் நின்றது.

"அவள ஏசாத ஆவுட. நாந்தான் குடுத்தேன்."

அக்காவுக்குப் புரியவில்லை. பானுவுக்கும் புரியவில்லை. அந்த அம்மா முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கதவுக்குப் பின்னால் கையில் அட்சதையை வைத்துக்கொண்டு நின்றாராம். போடாமல் இருக்க மனசு வரவில்லை, போடவும் பயம். தன் கையால் போட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? இந்தப் பிள்ளை பக்கத்தில் நின்றது, அது கையில் கொடுத்துவிட்டேன், அதுக்கு அந்தக் கையில்தான் வேலை இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார். சொல்லிவிட்டு, தப்புச் செய்த சின்னப் பிள்ளை மாதிரி அக்காவைப் பார்த்தார்.

அக்கா என் பக்கம் திரும்பி, எந்தப் பக்கத்திலிருந்து போட்டாய் என்று கேட்டார். இடப்பக்கத் தூணிலிருந்து என்றேன்.

"ஒரு பிடி மொத்தமா வந்து மூஞ்சில அடிச்சுது. கண்ணத் தொறக்க முடியல. எவ இப்படி எறியுதான்னு நெனச்சேன்" என்றார். அம்மா பக்கம் திரும்பி, "அது நீயாம்மா?" என்று கேட்டார்.

அக்கா எழுந்து போய் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டார். உளுந்து சிதறியது. இரண்டு பேரும் அழுதார்களா சிரித்தார்களா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, ஏனென்றால் நானும் அழுதுகொண்டிருந்தேன். அப்போதுதான் பானு மடியில் இருந்த படத்தை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தாள்.

அந்த அம்மா சேலையில் கையைத் துடைத்துவிட்டு அதை ஓரம் பிடித்து வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். அக்கா விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார், இது அவுக முதுகு, இது நான், இந்தக் கோடெல்லாம் அரிசி என்று. தாலி தெரியலையே என்று அவர் கேட்கவே இல்லை. அக்கா என்னிடம், இதைப் பெரிதாக ஒன்று போட்டுக் கொடு, சட்டம் நான் மாட்டிக்கொள்கிறேன் என்றார். பிறகு, அடுத்த வாரம் லேபுக்கு வருவேன், இந்த முறை உன் பெயரைச் சுவரில் ஒட்டத்தான் போகிறேன் என்றும் சொன்னார். ஒட்டிக்கொள்ளட்டும்.

நாங்கள் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரப் பெண் தயிர் வாங்க வந்தார். கல்யாணப் படமா, காட்டுங்கள் என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் அம்மா மற்ற நாற்பத்தொன்பது படங்களையும் விட்டுவிட்டு, கையில் இருந்த அந்த ஒன்றைத்தான் நீட்டினார். ஓரத்தில் நீண்டிருக்கிற கையைக் காட்டி, யாருடையது இது, இவ்வளவு வேகமாக வீசுகிறதே என்று அந்தப் பெண் கேட்டார்.

"ஏங் கைதான்" என்றார் அந்த அம்மா, தெருவுக்கே கேட்கும்படி. "எம்பொண்ணுக்கு நான் போடாம யாரு போடுவா?"

பக்கத்து வீட்டுக்காரர் படத்தை ஒருமுறை பார்த்தார், அந்த அம்மாவின் கையை ஒருமுறை பார்த்தார். படத்தில் என் பிளாஸ்டிக் கைக்கடிகாரம் நன்றாகவே தெரிந்தது. கடிகாரம் கட்டிய வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.